ஒரு துளி இரத்தமும் தங்கத் துகளும்
தன்னெதிர்ப்பு நோய்களைக் கண்டறியும் பரிசோதனைகளில் நானோ நுட்பத்தின் பங்கு

"இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காய்ச்சல் என்றாலும், கை கால் வலி என்றாலும், "இரத்தம் எடுத்துப் பார்த்தார்களா?" என்பதே உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். ஆனால், உடலின் காவல் படையே உடலைத் தாக்கும் ஒரு வகை நோய்களில் இரத்தப் பரிசோதனை அவ்வளவு நேரடியாகப் பதில் சொல்வதில்லை.

மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் கேட்டனுப்பும் கேள்விக்கு இரத்தத்திலிருந்து விடை தேடித் தருவதே என் வேலையாக இருந்தது. அண்மைக் காலமாக, "நானோ தொழில்நுட்பத்தால் ஒரே துளி இரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கலாம்" என்ற செய்திகள் நாளிதழ்களிலும் கைத்தொலைபேசியிலும் வந்த வண்ணம் இருக்கின்றன. இலவச மருத்துவ முகாம்களை நடத்தும் அன்பர்களும், அவற்றுக்கு நன்கொடை வழங்கும் பெருமக்களும், "இந்தப் புதிய பரிசோதனையை நாமும் ஏற்பாடு செய்யலாமா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தன்னெதிர்ப்பு நோய் என்றால் என்ன?

நம் உடலுக்குள் கிருமிகள் நுழைந்தால் அவற்றை அடையாளம் கண்டு அழிப்பதற்கு ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அதன் முக்கியமான ஆயுதங்களுள் ஒன்று எதிர்ப்புப் புரதம். மருத்துவர்கள் இதனை ஆன்டிபாடி என்பர். ஒவ்வோர் எதிர்ப்புப் புரதமும் தனக்குரிய இலக்கில் போய் ஒட்டிக்கொள்ளும்; பூட்டுக்கு ஏற்ற சாவி என்று வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது நம் உடலில் உருவாவதும் இத்தகைய புரதங்களே.

சிலருக்கு இந்தக் காவல் ஏற்பாடு வீட்டாரையே திருடர் என்று எண்ணித் தாக்கத் தொடங்கிவிடுகிறது. இதுவே தன்னெதிர்ப்பு நோய். மூட்டுகளின் உட்படலத்தைத் தாக்கினால் அது முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்தால் அது முதல் வகை நீரிழிவு. தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், மூளை எனப் பல உறுப்புகளைத் தாக்க வல்லது லூப்பஸ் என்னும் நோய். லூப்பஸ் நோயாளிகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடையே இந்நோய் அதிகமாகக் காணப்படுகிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் போக்கும் அதிகம்.

இந்நோய்கள் தொடக்கத்தில் வேறு ஏதோ ஒரு கோளாறு போலவே தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி தொழிற்சாலையில் வேலை செய்தவர். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன என்று ஒன்றரை ஆண்டுக் காலம் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார். வாயுப் பிடிப்பு என்று வீட்டில் சொன்னார்கள். வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கால் வீங்கிய பிறகுதான் சிறுநீரைச் சோதித்தார்கள். அதற்குள் லூப்பஸ் சிறுநீரகத்தை எட்டிவிட்டிருந்தது. உரிய மருந்தால் அவர் இன்று நடமாடுகிறார். ஆயினும், ஒன்றரை ஆண்டு முன்னதாகவே தெரிந்திருந்தால் அவருடைய சிறுநீரகம் இவ்வளவு பழுதடைந்திருக்காது. நல்ல பரிசோதனை வேண்டும் என்று நாம் விரும்புவது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

இரத்தத்தில் எதைத் தேடுகிறோம்?

உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. கண்ணுக்குத் தெரியாத புரதத்தை எப்படிக் காண்பது? அதன் இலக்கை வேறொரு பொருளின்மேல் பூசி வைத்து, புரதம் வந்து ஒட்டும்போது நம் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்று ஏற்படும்படி செய்ய வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இன்றைய நானோ நுட்பம் வரை வந்த பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தத்துவத்தின் கிளைகளே ஆகும்.

நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் 1940ஆம் ஆண்டில் ஆட்டின் சிவப்பணுக்களைக் கொண்டு முடக்குவாதத்துக்கான பரிசோதனையை விவரித்தார். 1956ஆம் ஆண்டில் சிங்கர், பிளாட்ஸ் என்னும் இருவர் ஆட்டின் அணுக்களுக்குப் பதிலாக லேட்டக்ஸ் என்னும் சிறு செயற்கை மணிகளைப் பயன்படுத்தினர். இந்த லேட்டக்ஸ் பரிசோதனையை நானே ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் நோயாளியின் இரத்த நீர் ஒரு சொட்டு, லேட்டக்ஸ் கலவை ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து இரண்டு நிமிடம் மெல்ல ஆட்டுவோம். பால் திரிவதுபோல் மணிமணியாகத் திரண்டால் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்று பொருள். அந்த லேட்டக்ஸ் மணி ஒன்றின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. துகளைச் சிறிதாக்கினால் பரிசோதனை எளிதாகும் என்னும் வழி அன்றே திறக்கப்பட்டுவிட்டது.

லூப்பஸ் நோய்க்கு 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹார்கிரேவ்ஸ் குழுவினர் முதல் தடயத்தைக் கண்டார்கள். 1957ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃப்ரியூ ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தி, அணுக்கருவைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் காணும் முறையை அறிமுகப்படுத்தினார். இன்று மருத்துவ அறிக்கைகளில் "ஏ.என்.ஏ." என்று காணப்படுவது அதன் வழி வந்ததே. வளர்க்கப்பட்ட மனித அணுக்கள் பதிக்கப்பட்ட தகட்டின்மேல் நோயாளியின் இரத்த நீரை ஊற்றி, பின்னர் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்ப்போம். எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருந்தால் அணுக்கரு பச்சை நிறத்தில் ஒளிரும். இரத்த நீரை எண்பது மடங்காக நீர்த்த பிறகும் ஒளிர்ந்தால் "1:80" என்று எழுதுவோம். 160 மடங்கிலும் ஒளிர்ந்தால் "1:160". எண் கூடக் கூட எதிர்ப்புப் புரதம் மிகுதி என்று பொருள். ஒளி மங்கலாக இருக்கும்போது, ஒரே தகட்டை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாக எழுதுவதும் நடக்கக் கூடியதே.

இத்துறையில் நம் நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. சிரம்பானில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவம் பயின்ற டாக்டர் எங் மெங் டான், ஹென்றி குங்கல் என்பவருடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டில், லூப்பஸ் நோய்க்கே உரிய "எஸ்.எம்." என்னும் இலக்கைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தை விவரித்தார். அதைப் பெற்றுத் தந்த நோயாளியின் பெயரிலிருந்தே அவ்வெழுத்துகள் எடுக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த லூப்பஸ் வகைப்பாட்டு விதிகளை வகுத்த குழுவுக்கும் தலைமை ஏற்றவர் அவரே.

"இருக்கிறது" என்றால் நோயா?

நன்கொடையாளர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. அதே டாக்டர் டான், உலகின் பல ஆய்வுக்கூடங்களின் ஒத்துழைப்புடன், நலமாக இருப்பவர்களின் இரத்தத்தில் ஏ.என்.ஏ. பரிசோதனையைச் செய்து 1997ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். 1:40 அளவில் 31.7 விழுக்காட்டினருக்கும், 1:80 அளவில் 13.3 விழுக்காட்டினருக்கும், 1:160 அளவில் 5 விழுக்காட்டினருக்கும் "இருக்கிறது" என்று வந்தது. இவர்கள் அனைவரும் நோயற்றவர்கள்!

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெருவிழாவுக்கு வரும் 10,000 பேருக்கு 1:80 அளவில் ஏ.என்.ஏ. பரிசோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஐந்து பேருக்கு உண்மையில் லூப்பஸ் இருப்பதாகவும் கொள்வோம். அந்த ஐந்து பேரும் அகப்படக்கூடும். ஆனால், அவர்களுடன் சேர்ந்து நோயற்ற 1,300க்கும் மேற்பட்டோர் "இருக்கிறது" என்ற தாளுடன் வீடு திரும்புவர்.

இப்போது வேறொரு கணக்கு. மூட்டு வீக்கம், முகத்தில் செம்படை, காரணமற்ற காய்ச்சல், சிறுநீரில் புரதம் ஆகிய குறிகளைக் கண்டு மருத்துவர் தேர்ந்தனுப்பும் 100 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் முப்பது பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். முப்பது பேருக்கும் "இருக்கிறது" என்று வரும்; மீதி எழுபது பேரில் ஒன்பது பேருக்கும் வரும். ஆக முப்பத்தொன்பது பேரில் முப்பது பேர் உண்மையான நோயாளிகள். பரிசோதனை ஒன்றே, அதே தகடு, அதே சாயம். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பதிலின் மதிப்பு மாறிவிடுகிறது.

கணக்கு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தகப்பனார் கையில் தாளுடன் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் எந்த நோயும் இன்றி, ஏதோ ஒரு "முழு உடல் பேக்கேஜ்" பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள். அதில் ஏ.என்.ஏ. 1:80 என்று வந்துவிட்டது. நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி எட்டி, பேச்சு நின்றுபோயிருந்தது. "அண்ணே, என் பிள்ளைக்கு லூப்பஸா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. மூட்டு நோய் நிபுணரிடம் போகச் சொன்னேன். அவர் பரிசோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். திருமணமும் நடந்தது. ஆனால், அந்தக் குடும்பம் இரண்டு மாதம் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வரி முடிவே காரணம்.

2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டு நோய் மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட லூப்பஸ் வகைப்பாட்டு விதிகளில், ஏ.என்.ஏ. 1:80 என்பது நுழைவாயில் மட்டுமே. அதைக் கடந்த பிறகு சிறுநீரகம், மூட்டு, தோல், இரத்தம் ஆகியவற்றில் காணப்படும் மாற்றங்களுக்கு மதிப்பெண் கொடுத்து, பத்து மதிப்பெண் வந்தால்தான் லூப்பஸ் என்று வகைப்படுத்துகிறார்கள்.

நானோ என்னும் அளவு

இனி நானோ நுட்பத்துக்கு வருவோம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு ஏழாயிரம் நானோமீட்டருக்கு மேல். எதிர்ப்புப் புரதம் ஒன்று ஏறத்தாழ பத்து நானோமீட்டர். அப்படியானால், ஒரு நானோமீட்டரிலிருந்து நூறு நானோமீட்டர் வரையுள்ள துகள்கள், எதிர்ப்புப் புரதத்தின் உருவத்துக்கு ஈடான கருவிகள். தென்னை மரம் வெட்டும் கோடரியால் ஊசி நூல் கோக்க முடியாது அல்லவா? சிறிய பொருளைப் பிடிக்கச் சிறிய கருவி வேண்டும்.

சிறிய துகளால் வேறொரு நன்மையும் உண்டு. கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த கற்கண்டு விரைவில் கரைகிறது; பொடித்தால் மேற்பரப்பு கூடுகிறது. பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கன சதுரத்தின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் அளவுள்ள கன சதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது, எதிர்ப்புப் புரதம் வந்து ஒட்டுவதற்கான இடம் பத்து இலட்சம் மடங்கு பெருகுகிறது.

மூன்றாவது நன்மை நிறம். தங்கம் மஞ்சள் நிறம் என்பது நாம் அறிந்ததே. ஆனால், தங்கத்தை இருபது, நாற்பது நானோமீட்டர் துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் அந்நீர் மாணிக்கச் சிவப்பாக மாறும். துகளின் மேலுள்ள மின்னணுக்கள் பச்சை ஒளியை வாங்கிக்கொள்வதால் சிவப்பு மட்டும் நம் கண்ணுக்கு எட்டுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நிறம் ஊதாவாகவும் நீலமாகவும் மாறும். தங்க நீரின் இந்தச் சிவப்புக்கு நுண்ணிய தங்கத் துகள்களே காரணம் என்பதை மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

இந்தத் தங்கத் துகள் நம்மில் பலருடைய வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது! கோவிட் காலத்தில் மலேசியாவில் ஆர்.டி.கே. என்றும், சிங்கப்பூரில் ஏ.ஆர்.டி. என்றும் வாங்கிப் பயன்படுத்தினோமே, அந்தப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு தங்க நானோத் துகள்களால் ஆனதே. எதிர்ப்புப் புரதம் பூசப்பட்ட தங்கத் துகள்கள் நீரோடு சேர்ந்து பட்டையில் ஊர்ந்து வந்து, கிருமியின் புரதம் இருந்தால் ஓரிடத்தில் குவிகின்றன, கோடு தெரிகிறது. தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் இதே போன்ற பட்டைகளைச் செய்ய முடியும். அங்கே தேடப்படும் பொருள் நம் உடலின் எதிர்ப்புப் புரதமாகவே இருக்கும்.

இது தங்க பஸ்பம் போன்ற மருந்தா என்று ஓர் அன்பர் கேட்டார். இத்தகைய பரிசோதனைகளில் தங்கத் துகள் உடலுக்குள் செல்வதே இல்லை. எடுத்த இரத்தத்தோடு வெளியே கலந்து பார்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்த இரண்டு ஆய்வுகள்

இத்துறையின் முன்னேற்றத்தை விளக்க, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜி டாய் என்னும் வேதியியல் பேராசிரியரின் குழுவினர் செய்த இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. கார்பனால் ஆன மிக நுண்ணிய நானோக் குழாய்களை ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தினர். சாதாரணச் சாயம் ஒளி படப்பட மங்கிவிடும். இக்குழாய்கள் தரும் ஒளிச்செய்தி மங்குவதில்லை. சிறு இரத்தக் குழாய்களை வீங்கச் செய்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் ஒரு தன்னெதிர்ப்பு நோய்க்குரிய எதிர்ப்புப் புரதத்தை, இரத்த நீரை ஒரு கோடி மடங்கு நீர்த்த பிறகும் அவர்களால் கண்டுகொள்ள முடிந்தது. நாங்கள் இருட்டறையில் எண்பது மடங்கு, நூற்றறுபது மடங்கு என்று எழுதிக்கொண்டிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. ஏனென்றால் இது நீரிழிவு பற்றியது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அது தன்னெதிர்ப்பு நோயைச் சேர்ந்ததன்று. முதல் வகையோ முற்றிலும் வேறு. இன்சுலின் ஊசி இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு இனிப்பு நீர் என்றால் முதல் வகை, பெரியவர்களுக்கு என்றால் இரண்டாம் வகை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இன்று உடல் பருமனால் பிள்ளைகளுக்கும் இரண்டாம் வகை வருகிறது; பெரியவர்களுக்கும் முதல் வகை வருவதுண்டு. பார்த்தவுடன் வகை சொல்ல முடிவதில்லை. தவறாகச் சொன்னால், ஊசி தேவைப்படும் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கும் நிலை வந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது, கணையத்தின் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள். அவற்றைக் கண்டறிய அந்நாளில் நம்பகமான முறையாக இருந்தது கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தும் பரிசோதனை. அதற்குத் தனிப் பயிற்சியும் தனிக் கூடமும் வேண்டும். டாய், குழந்தை மருத்துவர் பிரையன் ஃபெல்ட்மன் ஆகியோரின் குழுவினர் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் தங்கத்தை நானோ அளவிலான சிறு சிறு தீவுகளாகப் படியவைத்தனர். அத்தீவுகளுக்கிடையே ஒளிரும் சாயத்தின் ஒளி ஏறத்தாழ நூறு மடங்கு பெருகுகிறது. அதனால் விரல் நுனியில் குத்தி எடுக்கும் சிறு துளி இரத்தமே போதும். கதிரியக்கப் பொருள் வேண்டியதில்லை. மேலும், ஒரே தகட்டில் பல இலக்குகளைப் புள்ளிபுள்ளியாகப் பதித்துப் பல எதிர்ப்புப் புரதங்களை ஒரே நேரத்தில் தேடலாம்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நானோ நுட்பத்தின் உண்மையான பயன் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஒரே ஓர் எதிர்ப்புப் புரதம் இருந்தால் பொருள் குறைவு. கணையத்துக்கு எதிரான இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் பொருள் மிகவும் கனமாகிவிடுகிறது. அவ்வாறு பலவும் சேர்ந்திருந்த குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுக்குள் நீரிழிவு வெளிப்பட்டதை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

காந்தத் துகள்களைக் கொண்டு இரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தைத் தனியே இழுத்தெடுக்கும் இயந்திரங்கள் பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இயங்குகின்றன. அளவுக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் குவாண்டம் புள்ளிகள் என்னும் நானோத் துகள்களைப் பற்றிய ஆய்வுக்கு 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவற்றையும் இரத்தப் பரிசோதனையில் பயன்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

கூர்மை மட்டும் போதுமா?

இத்தனை பெருமைகளைச் சொன்ன நான் சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, மேலே போட்ட கணக்கை மறக்கலாகாது. நலமாக இருப்பவர்களின் இரத்தத்திலும் சிறிதளவு எதிர்ப்புப் புரதம் இருக்கத்தான் செய்கிறது. கருவி கூர்மையாகக் கூர்மையாக, அந்தச் சிறிதளவும் அகப்படும். எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்று எல்லைக்கோடு வகுக்காவிட்டால், 1,300 பேரின் அச்சம் 3,000 பேரின் அச்சமாகும். அந்த எல்லைக்கோட்டைக் கருவி தானே வகுத்துக்கொள்ளாது. பல நாட்டு மக்களின் இரத்தத்தைப் பொறுமையாகச் சோதித்தே வகுக்க வேண்டும்.

இரண்டாவது, பதிக்கப்பட்ட இலக்கை மட்டுமே புதிய தகடுகள் தேடும். பழைய முறையில் முழு அணுவே தகட்டில் இருப்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகள் ஒரே நேரத்தில் அங்கே காத்திருக்கின்றன. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவக் கல்லூரி 2009ஆம் ஆண்டில், ஏ.என்.ஏ. பரிசோதனைக்குப் பழைய நுண்ணோக்கி முறையே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஒரு துளி இரத்தத்தின் பெயரால் நடந்த ஏமாற்று. கலிபோர்னியாவில் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தெரானோஸ் என்னும் நிறுவனம், விரல் நுனி இரத்தத்தைக் கொண்டே ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடுவதாகக் கூறியது. அதன் சிறு குப்பிக்கு வைத்த பெயர் "நானோடெய்னர்". 2015ஆம் ஆண்டில் பத்திரிகைகள் உண்மையை வெளியிட்டன. 2022ஆம் ஆண்டில் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். நானோ என்று பெயர் வைப்பது வேறு. முறைப்படி மெய்ப்பிப்பது வேறு.

நான்காவது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பது. அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்து வைத்த இரத்த நீரை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, பின்னாளில் லூப்பஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே எதிர்ப்புப் புரதம் இருந்ததைக் காட்டியது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது! ஆனால், அந்த ஒன்பது ஆண்டில் நோயை வராமல் நிறுத்தும் உறுதியான வழி லூப்பஸுக்கு இன்னும் வகுக்கப்படவில்லை. முதல் வகை நீரிழிவில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடும் டெப்ளிசுமாப் என்னும் மருந்துக்கு 2022ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி அளித்தது. முன்னர் நடந்த ஆய்வில் அது நோயை ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. 2023ஆம் ஆண்டில் இத்தாலி, பிள்ளைகள் அனைவருக்கும் முதல் வகை நீரிழிவுக்கான எதிர்ப்புப் புரதச் சோதனை செய்யச் சட்டம் இயற்றியது. அறிந்த பிறகு செய்வதற்கு ஒன்று இருக்கும்போதுதான் முன்கூட்டி அறிவது வரமாகிறது.

அன்பர்களும் நன்கொடையாளர்களும் கவனிக்க வேண்டியவை

1. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கு முகாம்களில் ஏ.என்.ஏ. போன்ற பரிசோதனைகளைச் செய்ய வேண்டாம். அந்தப் பணத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சோதிக்கலாம். கால் வீங்கும் முன்பே அந்தப் பெண்மணியின் சிறுநீரைச் சோதித்திருந்தால் நோய் முன்னரே பிடிபட்டிருக்கக் கூடும்.

2. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு இறுக்கம், வெயில் பட்டால் முகத்தில் தோன்றும் செம்படை, ஆறாத வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல், நுரைத்த சிறுநீர் ஆகியவை பல வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். தேவையென்றால் மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

3. பிள்ளைகளோ இளைஞர்களோ அடிக்கடி சிறுநீர் கழித்து, ஓயாத தாகத்துடன் விரைவாக மெலிந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் வகை நீரிழிவு காத்திருக்காது.

4. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோர், இரத்தம் எடுக்கும் முன்னர் அதைத் தெரிவிக்க வேண்டும். துகள்களோடு புரதத்தை ஒட்டவைக்கப் பல பரிசோதனைகளில் பயோட்டின் பயன்படுவதால், இரத்தத்தில் அது மிகுந்தால் முடிவு தவறாகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரித்துள்ளது. லூப்பஸ் நோயிலும் முடி உதிரும் என்பதால் இதை மனத்தில் கொள்வது நல்லது.

5. பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட, இரண்டு மூன்று ஆண்டு எண்களின் போக்கு மருத்துவருக்கு அதிகம் பேசும்.

6. புதிய கருவி ஒன்றுக்கு நன்கொடை கேட்டு எவரேனும் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் நாட்டு மருத்துவக் கருவி ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா? நலமானவர்களில் எத்தனை பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று காட்டும்? "இருக்கிறது" என்று வந்தவர்களை எந்த மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாவிட்டால் முதல் இரண்டு விடைகளால் பயன் இல்லை.

நானோத் துகள் நம் கையில் கிடைத்திருக்கும் மிகக் கூர்மையான கருவிகளுள் ஒன்று. கதிரியக்கக் கூடம் இல்லாத சிறு மருத்துவமனைகளிலும், பெருநகரத்துக்கு வர இயலாத தோட்டப்புறத்து நோயாளிக்கும், நிபுணரின் கேள்விக்கு அங்கேயே விடை தரும் நாளை அது கொண்டு வரக் கூடும். அதனை வரவேற்போம். ஆனால், நோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் மருத்துவருக்குக் கையாளாகவே அது இருக்க வேண்டும். முகாமுக்கு ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க நினைக்கும் அன்பர்கள், ஏழை நோயாளி நிபுணரைப் பார்க்கப் போய்வரும் செலவையும், தொடர் சிகிச்சைக்கான செலவையும் ஏற்றுக்கொண்டால், அந்த இயந்திரம் சொல்லும் விடைக்கும் பொருள் கிடைக்கும் என்பது என் பணிவான கருத்து.